மோப்ப நோட்டு

சொர்ணம் காலை ஆறு மணிக்கு மீன் கழுவுவாள். எட்டு மணிக்கு அதே கையை நீட்டுவாள்.

நீட்டுகிற இடம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஊதுபத்தி கம்பெனியின் கேட். உள்ளே நுழைந்ததும் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் பாக்கியலட்சுமி. வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், வீட்டில் இரண்டு கறவை மாடு. வரிசையில் வரும் பெண்களின் கையை மோந்து பார்த்து உள்ளே விடுவது அவள் வேலை. மோந்ததை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பாள். பெண்கள் அதற்கு மோப்ப நோட்டு என்று பேர் வைத்திருந்தார்கள்.

"இன்னாக்கா, சங்கரா மீனா?"

"ஏன், வேணுமா? நேத்தே சொல்லியிருந்தா ஒரு கூறு எடுத்தாந்திருப்பேன்."

"போய் எலுமிச்சம்பழம் தேச்சிட்டு வா."

"உன் கையில சாணி வாசனை. நான் எதுனா கேட்டனா?"

"நான் ஊதுபத்தியையா தொடறேன்? நோட்டத்தான தொடறேன். போக்கா, பின்னால ஆளு நிக்குது."

குழாயடியில் ஒரு தகர டப்பா நிறைய நறுக்கிய எலுமிச்சை கிடக்கும். சொர்ணம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கொழுந்தன் சரத்குமார் பைக்கை நிறுத்திவிட்டு வருவான். விடியற்காலை அண்ணனோடு கடலுக்குப் போய்விட்டு வந்தவன். முழங்கையில் செதில் ஒன்று வெயிலில் மின்னும். அவன் கையை யாரும் மோந்து பார்ப்பதில்லை. நேராக சென்ட் ரூமுக்குள் போய்விடுவான். சென்ட் ரூமில் எல்லாரும் ஆண்கள்.

வாசனை இல்லாத வெறும் பத்தியை எண்ணெய்க் கலவையில் முக்கி எடுக்கும் அறை அது. மல்லி, மருக்கொழுந்து, சந்தனம், ஜவ்வாது. ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு, சம்பள கிரேடு உண்டு. வெளியே காயப்போடுவதும் கட்டுவதும் பெண்கள் வேலை. வெயில்தான் அவர்களுக்கு ஃபேன்.

சொர்ணமும் ஒரு காலத்தில் அந்த அறைக்குள் இருந்தவள். ஒரு வருஷம். கலவையில் எது கூட, எது குறைச்சல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அழுகப் போகும் மீனை அரை நாள் முன்னாடியே கண்டுபிடிக்கிற மூக்கு அது. 2014 ஆடி மாதம் ஒரு லோடு மல்லிப் பத்தி திரும்பி வந்தது. வாசனை சரியில்லையாம். மேனேஜர் செல்வகுமார் நின்று யோசித்தார். பெண்கள் கையில் மீன் வாசனை என்றார். அன்றோடு பெண்கள் வெளியே. அடுத்த வாரமே கேட்டில் ஸ்டூல் வந்துவிட்டது.

பதினோரு வருஷம். இந்த ஆனியில் சென்ட் ரூமில் முக்குகிற ஒருவர் ஓய்வு பெற்றார். சொர்ணம் போய்க் கேட்டாள்.

"பொம்பளைங்க கை ஒத்துக்காதும்மா. அதான் அன்னிக்கே சொன்னனே" என்றார் செல்வகுமார்.

"எங்க கொழுந்தன் கை மட்டும் ஒத்துக்குதா சார்? ஒரே வூட்டு மீனுதான்."

"வெயில் போவுது, போய் பத்தியத் திருப்பிப் போடு."

அன்று மாலை சொர்ணம் தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனாள். வைத்திக்குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு எழுத்து வேலை பார்ப்பவர் அவர். மனு என்றால் அவர்தான். விஷயத்தைக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தினி வருஷமா?"

"பதினோரு வருஷமா, மாமா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஊரில் அதுதான் வழக்கம். கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடினால் முதல் கேள்வி, எத்தனை வருஷமாக என்பதுதான். பத்து என்றால் எல்லாரும் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நேற்று என்றால், போய்த் தண்ணி குடி, அமாவாசைக்கு அப்புறமும் கோபம் இருந்தால் வா என்று அனுப்பிவிடுவார்கள். பழைய குறைக்குத்தான் அங்கே கனம்.

தெய்வசிகாமணி கனமாகவே எழுதினார். 'கடந்த 2014ஆம் ஆண்டு ஆடித் திங்கள் தொட்டு' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். 2014 மட்டும் ஏழு இடத்தில் வந்தது. அன்றைக்கு வெயில் எப்படி அடித்தது என்பதுகூட இருந்தது. அன்று செல்வகுமார் மறுத்ததும், காலையில் பாக்கியலட்சுமி மோந்ததும் அதில் இல்லை.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் நிர்மலாதேவி என்கிற அதிகாரி அதை முழுதாகப் படித்தாள். படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"எடுக்க முடியாதும்மா. மூணு வருஷத்துக்குள்ள வந்திருக்கணும். இதுல இருக்கறதெல்லாம் 2014. காலம் கடந்துபோச்சு."

சொர்ணத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வந்தது.

"பதினோரு வருஷம் பொறுத்தேன்மா. பொறுத்தது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லல. சட்டம் கேக்கறது வேற. எப்ப ஆரம்பிச்சுதுன்னு எழுதியிருக்கீங்க. கடைசியா எப்ப நடந்துச்சு?"

"எது?"

"கைய மோந்து பாக்கறது."

"காலையில."

நிர்மலாதேவி பேனாவைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கிக் காலையிலயா?"

"ஆமா. பர்மிஷன் போட்டுட்டுத்தான இங்க வந்தேன். மோந்துட்டுத்தான் உள்ள வுட்டா."

"அத ஏம்மா எழுதல?"

"அது இன்னாம்மா பெரிசு? தெனம் நடக்கறது."

அதிகாரி சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தெனம் நடக்கறதுதாம்மா பெரிசு. ஒரு நாள் நடந்து நின்னுபோனா அன்னிலேருந்து கணக்கு ஓடிடும். தெனம் நடந்தா தெனமும் கணக்கு புதுசா ஆரம்பிக்கும். சென்ட் ரூம் வேலைய மறுபடி கேட்டீங்களா? கடைசியா எப்ப?"

"போன செவ்வாக்கெழம. மேனேஜர் இல்லன்னுட்டாரு."

"அதையும் எழுதுங்க. மேனேஜர் சொன்னத அப்படியே எழுதுங்க. ஆனா ஒண்ணு. கம்பெனிக்காரங்க, அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டோம்னு சொல்லுவாங்க. கடைசித் தேதிக்கு ஆதாரம் வேணும்."

தெய்வசிகாமணிக்கு இரண்டாவது மனு பிடிக்கவே இல்லை.

"'இன்று காலை எட்டு மணிக்கு'ன்னு மனுவ ஆரம்பிக்கறதா? பால்காரன் கணக்காட்டம் இருக்குது. மனுன்னா ஒரு கனம் வேணாமா சொர்ணம்?"

"கனத்தக் கடைசியில வச்சுக்குங்க மாமா. மொதல்ல காலையில நடந்தத எழுதுங்க."

கடைசி வரியில் 'இது 2014 ஆடித் திங்கள் தொட்டு நடைபெற்று வருகிறது' என்று ஒரே ஒரு தடவை எழுதிக்கொள்ள விட்டாள். மனுஷன் அதற்கு அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

மனு எடுக்கப்பட்டது. ஜூலை இருபத்திரண்டாம் தேதி கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. இருபத்துமூன்றாம் தேதி கேட்டில் ஸ்டூல் இல்லை. எலுமிச்சை டப்பாவும் இல்லை. பாக்கியலட்சுமி சும்மா நின்றுகொண்டிருந்தாள். கை நீட்டிப் பழகிய பெண்கள் நீட்டிவிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் மடக்கிக்கொண்டார்கள்.

"என்னாடி இது, பொண்ணு பாக்க வந்தவன் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்குது" என்றாள் சொர்ணத்தோடு பத்தி கட்டும் ஆயம்மா. வரிசை முழுக்கச் சிரித்தது.

சொர்ணம் சிரிக்கவில்லை. நின்றுபோனால் கணக்கு ஓடிவிடும் என்று அதிகாரி சொன்னது காதில் கேட்டது. மோப்ப நோட்டும் கம்பெனி கையில்தான். செல்வகுமார் அவளைப் பார்த்து ரொம்ப மரியாதையாக வணக்கம் வேறு சொன்னார்.

இரண்டு நாளில் கம்பெனியின் பதிலும் வந்தது. 2014இல் எடுத்த ஒரு முடிவு. கைச் சோதனை அடுத்த வருஷமே கைவிடப்பட்டது. மனு காலம் கடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் சுறாப்புட்டு. சொர்ணம் அவித்த சுறாவைத் தோல் நீக்கி உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி பூண்டு உரித்தார். சரத்குமார் சின்ன வெங்காயம் நறுக்கிக் கண்ணீர் விட்டான்.

"விட்டுரு சொர்ணம்" என்றார் தட்சிணாமூர்த்தி. "அதான் மோந்து பாக்கறத நிறுத்திட்டானே."

"நிறுத்திட்டான். உள்ள வுட்டானா?"

"உள்ள போவலன்னா இன்னா கொறஞ்சுபோச்சு?"

சொர்ணம் சுறா ஒட்டிய கையை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இந்தக் கைக்கு ஒரு வேலை தெரியும். நல்லாத் தெரியும். தெரியலன்னு ஒருத்தன் தெனம் எழுதி வச்சுக்கினு இருந்தான். இப்ப அத எழுதவே இல்லன்னு சொல்றான். எது கொறஞ்சுதுன்னு கேக்கற?"

தட்சிணாமூர்த்தி பூண்டைப் பார்த்தார்.

"சரத்து வேலைக்கு எதுனா ஆச்சுன்னா? அந்த வேலைய வச்சுத்தான அவனுக்குப் பொண்ணே குடுக்க வந்திருக்காங்க."

இரண்டு பேரும் சரத்குமாரைப் பார்த்தார்கள். அவன் மூக்கை உறிஞ்சினான்.

"அழுவறியாடா?" என்றார் அண்ணன்.

"வெங்காயம்." கொஞ்ச நேரம் நறுக்கினான். "அண்ணி, நான் வந்து சொல்றேன்."

"என்னான்னு?"

"ஏழு வருஷமா அந்தக் கேட்டுல நொழையறேன், ஒரு நாளும் என் கைய மோந்து பாக்கலன்னு. கடலுக்குப் போயிட்டுத்தான் வரேன்னு. நீங்க குழாயடியில தேச்சுக்கினு நிப்பீங்க, நான் பாக்காத மாதிரி போவேன். ஏழு வருஷம் பாக்காத மாதிரி போனா கழுத்து வலிக்குது அண்ணி."

"பொண்ணு வூட்ல இன்னா சொல்லுவாங்க?"

"கழுத்து வலிக்காத மாப்ளைன்னு சொல்லுவாங்க."

தட்சிணாமூர்த்தி எழுந்துபோய் வாணலியை அடுப்பில் வைத்தார். வெங்காயத்தைத் தானே வதக்கினார். அது அவர் சம்மதம் சொல்கிற விதம். அன்றைக்குப் புட்டில் காரம் கொஞ்சம் தூக்கல். யாரும் குறை சொல்லவில்லை.

விசாரணை ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. சின்ன அறை. நிர்மலாதேவிக்கு எதிரே ஒரு பக்கம் செல்வகுமார். மறுபக்கம் சொர்ணம், சரத்குமார், துணைக்கு ஆயம்மா. பெண் தொழிலாளர் வருகைப் பதிவேடுகள் அத்தனையும் கொண்டுவர வேண்டும் என்று நோட்டீசில் இருந்தது. செல்வகுமார் அதைப் பாக்கியலட்சுமியிடம் விட்டிருந்தார். அவள் ஓர் அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள்.

செல்வகுமார் நன்றாகப் பேசினார். பழைய விஷயம் மேடம், பத்து வருஷம் முன்னாடி முடிஞ்சுபோச்சு, இப்ப அந்தம்மாவுக்கு வேலை கிடைக்கலன்னு தோண்டி எடுக்கறாங்க என்றார்.

"மோந்து பாக்கறது 2015லயே நின்னுபோச்சா?"

"ஆமா மேடம். சுத்தமா."

"பதிவேடு எங்க?"

பாக்கியலட்சுமி சாக்கைக் கவிழ்த்தாள். நீள நோட்டுகள். பழையவை பழுப்பேறியிருந்தன. பதினோரு நோட்டு. சொர்ணம் அட்டையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். ஆயம்மா அவள் தொடையில் கிள்ளினாள்.

"இது வருகைப் பதிவேடா?" என்றாள் அதிகாரி.

"ஆமா மேடம். கேட்டுல நான் எழுதறது. ஆபீஸ்ல இருக்கறது பேரு மட்டுந்தான், யாரு எப்ப வந்தாங்கன்னு இதுலதான் கரெக்டா இருக்கும். ஒரு நாளு வுட்டதில்ல" என்றாள் பாக்கியலட்சுமி. அவள் குரலில் பெருமை.

செல்வகுமார் எட்டிப் பார்த்தார். அந்த நோட்டை அவர் அதுவரை திறந்து பார்த்ததே இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நிர்மலாதேவி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். படித்தாள். பக்கம் திருப்பினாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"'சொர்ணம், சங்கரா. ஆயம்மா, ஒன்றும் இல்லை.' அடுத்த நாள். 'சொர்ணம், நெத்திலி. ஆயம்மா, ஒன்றும் இல்லை.' இது என்னம்மா?"

"வாசனை இருந்தா எழுதுன்னு சார் சொன்னாரு. எழுதறதுன்னு ஆனா, இன்னா வாசனைன்னு எழுதணும்ல மேடம்?"

"மீன் பேரெல்லாம் மோந்தே தெரியுமா?"

"மொதல்ல தெரியாது. எங்களுக்கு ஏரி மீனுதான் பழக்கம். சொர்ணக்காவ கேட்டுக் கேட்டு எழுதினேன். இப்ப கேக்க வேணாம். காரலா காணாங்கெளுத்தியான்னு சொல்லிருவேன்."

"'ஏப்ரல், மே. சொர்ணம், கருவாடு. தடைக்காலம்.' சரிதான். இது? 'சொர்ணம், வஞ்சிரம்.' பக்கத்துல ஏதோ கட்டம் போட்டிருக்கு."

"அன்னிக்கி அவங்க கொழுந்தனுக்குப் பொண்ணு குடுக்க ஆளு வந்துச்சு மேடம். வஞ்சிரம் வெல கூட, என்னிக்கும் எடுக்க மாட்டாங்க. நான்தான் காரணம் கேட்டேன்."

சரத்குமார் தலையைக் குனிந்துகொண்டான். காது சிவந்துவிட்டது.

சொர்ணம் கேட்டுக்கொண்டே இருந்தாள். புயலுக்குக் கடல் மூடிய நாட்கள் 'முட்டை' என்று இருந்தன. மாமியார் செத்த பதினாறு நாள் 'ஒன்றும் இல்லை' என்று இருந்தது. மாசிமகத்துக்கு மறுநாள் 'இறால்'. பதினோரு வருஷம் அவள் வீட்டில் என்ன கொதித்தது என்று அவளுக்கே மறந்துபோனதை யாரோ வரிசையாகச் சொன்னார்கள். கோபமாகத்தான் வந்தது. அதற்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கப் பார்த்தாள். சிரிப்புதான் வெளியே வந்தது.

"இதெல்லாம் நான் பாத்ததே இல்ல மேடம்" என்றார் செல்வகுமார்.

"பாத்திருந்தா வஞ்சிரம் அன்னிக்கி எங்க வூட்டுக்குச் சாப்பிட வந்திருப்பீங்க சார்" என்றாள் சொர்ணம்.

அதிகாரி கடைசி நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"ஜூலை இருபத்திரண்டு. 'சொர்ணம், சுறா.' அதுக்கு அப்பறம் காலியா இருக்கே?"

"மறுநாள் சார் நிறுத்தச் சொல்லிட்டாரு மேடம். நோட்டீஸ் வந்துச்சுல்ல."

அதிகாரி முன் பக்கங்களைத் திரும்பப் புரட்டினாள்.

"ஆம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்லையே?"

"அவங்கள மோந்து பாக்கச் சொல்லல மேடம்." பாக்கியலட்சுமி புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா நான் வேலைக்கே வந்திருக்க மாட்டேன்."

"மேடம்," சரத்குமார் எழுந்துவிட்டான். "நான் சென்ட் ரூம்ல வேலை செய்யறேன். இவங்க கொழுந்தன். இன்னிக்கிக் காலையிலகூட வலை இழுத்துட்டுத்தான் வந்தேன். நம்பலன்னா மோந்து பாருங்க."

கையை நீட்டிவிட்டான். நிர்மலாதேவி நாற்காலியோடு பின்னால் போனாள்.

"நம்பறேன், நம்பறேன். உக்காருங்க."

ஆயம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிரயோசனமில்லை. அவள் குலுங்கியதில் பெஞ்சு ஆடியது.

அதிகாரி முகத்தைச் சரிசெய்துகொண்டு செல்வகுமார் பக்கம் திரும்பினாள்.

"2014ல முடிஞ்ச விஷயம் இல்ல சார் இது. போன மாசம் இருபத்திரண்டாம் தேதி காலையில வரைக்கும் உங்க கேட்டுல நடந்திருக்கு. உங்க நோட்டுலயே இருக்கு. அதே காரணத்தச் சொல்லி அதே மாசம் வேலையும் இல்லன்னு சொல்லியிருக்கீங்க. காலம் கடந்துதுன்னு தள்ள முடியாது. முழு விசாரணைக்குப் போகட்டுமா, பேசித் தீத்துக்கறீங்களா?"

செல்வகுமார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முதலாளியோடு பேசுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் 'ஆமா சார்' மட்டுமே கேட்டது. உள்ளே வந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பேசித் தீர்க்கலாம் என்றார்.

கைச் சோதனை இனி கிடையாது என்று எழுதினார்கள். சென்ட் ரூமில் காலியான இடம் சொர்ணத்துக்கு, அந்த கிரேடிலேயே. அடுத்து வரும் இடங்களுக்குப் பெண்களும் கேட்கலாம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். சொர்ணம் தன் பேரை முழுதாக எழுதினாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது பாக்கியலட்சுமி காலிச் சாக்கை மடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இனிமே இன்னா வேலக்கா?"

"நெசமாச் சொல்லு. தெரிஞ்சேதான் கொண்டாந்தியா அந்த நோட்ட?"

"பதிவேடு அத்தனையும்னு சொன்னாங்க. கொண்டாந்தேன்." வேறு பக்கம் பார்த்தாள். "பதினோரு வருஷம் மோந்திருக்கேன். அதுவும் எழுத்துல இருக்கட்டும்னுதான்."

சொர்ணம் தன் நகங்களைப் பார்த்தாள். எலுமிச்சைச் சாறு நகக்கண்ணில் எரிந்த காலைகள் இருந்தன. அவை எந்த நோட்டிலும் இல்லை. பிறகு சாக்கின் ஒரு முனையைப் பிடித்து மடிக்க உதவினாள்.

"காரலுக்கும் காணாங்கெளுத்திக்கும் வித்தியாசம் தெரிஞ்ச மூக்க வச்சுக்கினு கேட்டுலயா நிப்ப? அடுத்த இடம் காலியானா மனு போடு. ஆனா எங்க தெய்வசிகாமணி மாமாகிட்ட மட்டும் எழுதிக்காத."

திங்கட்கிழமை சொர்ணம் சென்ட் ரூமுக்குள் போனாள். மருக்கொழுந்துக் கலவையை மோந்து பார்த்தாள். எண்ணெய் ஒரு கை கூட என்றாள். பார்த்தால் கூடத்தான் இருந்தது. முதல் கட்டுப் பத்தியை அவளே முக்கினாள். கை மணிக்கட்டு வரை பச்சை வாசனை ஏறியது.

மூன்று வாரம் போனது. ஒரு மாலை சங்கரா குழம்பு. தட்சிணாமூர்த்தி ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். தட்டை மூக்கருகே தூக்கினார்.

"கொழம்புல மருக்கொழுந்து வாசனை அடிக்குது."

"அடிக்கும்" என்றாள் சொர்ணம்.

"நேத்து ஜவ்வாது. முந்தாநாளு மல்லி. நெத்திலி வறுவலத் தின்னா கோயிலுக்குள்ள உக்காந்து தின்ன மாதிரி இருக்குது."

"நல்லதுதான அண்ணா, புண்ணியம்" என்றான் சரத்குமார். இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டான்.

"சிரிக்கறியா? இதுக்கு எங்கடா மனு குடுக்கறது?"

"குடுங்களேன். நான் வேணாங்கல." சொர்ணம் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். தலைத் துண்டு. அவருக்குப் பிடித்தது. "ஆனா எப்பலேருந்துன்னு எழுதாதீங்க. கடைசியா எப்பன்னு எழுதணும்."

"கடைசியா எப்பன்னா?"

அவள் தன் கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, யாரும் கேட்காமல் தானாகவே மோந்து பார்க்க நீட்டினாள்.

"இப்பன்னு எழுதுங்க" என்றாள்.